காலெர்ப்பா கைமீறிய தொட்டி: மீன்களோடு எந்தக் கடற்பாசியை வளர்ப்பது, எப்படி அடக்கி வைப்பது?

ராயபுரம் அலைவாய்

அனைவருக்கும் வணக்கம். ராயபுரத்தில் இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில், நான்கடித் தொட்டியும் அதன் அடியில் நீரைச் சுத்திகரிக்கும் சம்பு என்ற துணைத்தொட்டியுமாகச் சேர்த்து ஏறத்தாழ 250 லிட்டர் கடல்நீர் மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு கிளவுன், மூன்று பச்சை குரோமிஸ், ஒரு கோரல் பியூட்டி ஆகிய மீன்கள் உள்ளன. எட்டு மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் கொடுத்த சிறு கல்லில் இறகு போன்ற இலைகளுடன் காலெர்ப்பா என்ற பச்சைக் கடற்பாசி ஒட்டியிருந்தது. அழகாக இருந்ததால் தொட்டியின் நடுவிலேயே வைத்தேன். அது கல்லுக்குக் கல் தாவி, பின்புறக் கண்ணாடியில் ஏறி, நீரோட்டம் தரும் பவர்ஹெட் பம்பின் வாயை அடைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. நீரைச் சுத்தமாக்கும் என்ற நம்பிக்கையில் நானும் அதை வெட்டாமல் விட்டேன்.

சென்ற வியாழக்கிழமை விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது தொட்டி நீர் வெளிர்பச்சையாகக் கலங்கியிருந்தது. முந்தைய இரவு பசுமையாக இருந்த பாசி முழுவதும் நிறமற்ற கண்ணாடித் தாள்போல் துவண்டு கிடந்தது. மீன்கள் மேல்மட்டத்தில் வாய்பிளந்து மூச்சு வாங்கின. காற்றுப் பம்பு இரண்டை வைத்து, 80 லிட்டர் நீரை மாற்றி, எல்லா மீன்களையும் காப்பாற்றிவிட்டேன் என்றாலும், என்ன நடந்தது என்பது இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. இப்போது லிட்டருக்கு நைட்ரேட் 40 மில்லிகிராம், பாஸ்பேட் 0.3 மில்லிகிராம். பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகள்களையும் ஒரு குழாயில் போட்டு ஓட்டி வருகிறேன். பாசி வளர்ப்பதையே விட்டுவிடுவதா, அல்லது வேறு பாசிக்கு மாறுவதா என்று அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கொளத்தூர் வண்ணமீன்

தம்பி, மீன்கள் பிழைத்ததே பெரிது. நீங்கள் பார்த்தது நோயோ நஞ்சோ அல்ல. அது காலெர்ப்பாவின் இனப்பெருக்கம். ஒரு காலெர்ப்பாக் கொடி எத்தனை அடி நீண்டாலும் உள்ளே குறுக்குச் சுவர்களே இல்லாத, பல உட்கருக்களைக் கொண்ட ஒரே உயிரணு அது. இனப்பெருக்கத்துக்குத் தயாரானதும் தன் உள்ளடக்கம் அனைத்தையும் இனச்செல்களாக மாற்றி, பெரும்பாலும் விடியலை ஒட்டிய நேரத்தில், ஒரேயடியாக நீரில் கொட்டிவிடும். மிஞ்சுவது வெறும் தோல். அதற்கு முந்தைய நாள் இலைகளில் வலைப்பின்னல் போல் நிறம் பிரிந்து தெரியும். அதுதான் நமக்குக் கிடைக்கும் ஒரே முன்னறிவிப்பு. எட்டு மாதங்களாக அது உறிஞ்சி வைத்திருந்த நைட்ரஜனும் பாஸ்பரசும் அந்த ஒரு காலையில் நீருக்கே திரும்பிவிடுகின்றன. அவற்றை அழுகச்செய்யும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைக் குடித்துவிடுகின்றன. உங்கள் மீன்கள் மேலே வந்தது அதனால்தான்.

கோடை இதை இன்னும் கடுமையாக்கும். 25 டிகிரிக் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது சுமார் 6.2 ஆகக் குறைகிறது. விளக்கணைந்த பின் பாசியும் நம்மைப் போல ஆக்சிஜனைத்தான் சுவாசிக்கிறது என்பதால், பாசி நிறைந்த தொட்டியில் விடியற்காலையே மிகவும் இறுக்கமான நேரம். மின்விசிறியை நீர்மட்டத்தில் திருப்பிவைத்துக் குளிர்விப்பவர்கள் நம் பக்கத்தில் பலர் இருக்கிறார்கள். ஆனால் கடலோரக் காற்றின் ஈரப்பதத்தில் நீர் எளிதில் ஆவியாவதில்லை என்பதால், அந்த வழி உள்நாட்டு ஊர்களில் கொடுக்கும் பலனை ராயபுரத்தில் கொடுக்காது. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றைத் தொட்டியின் அருகிலேயே நிரந்தரமாக வைத்திருங்கள்.

பாசியை விட வேண்டாம். காலெர்ப்பாவை மட்டும் விடுங்கள். சம்பில் ஒரு அறையைத் தடுத்து, கீட்டோமார்ஃபா, அதாவது நாம் கடையில் சீட்டோ என்று கேட்டு வாங்குவது, அதை வளர்க்கலாம். அது கல்லைப் பற்றாது, கொடி ஓடாது, சிக்கெடுக்காத பச்சை நூல்கண்டுபோல் மிதந்துகொண்டிருக்கும். இத்தனை ஆண்டுகளில் என் தொட்டிகளில் அது ஒருமுறைகூட இப்படிக் கொட்டித் தீர்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கையை விட்டு ஒரு பிடி அள்ளினால் வந்துவிடும்.

வண்ணாரப்பேட்டை செம்பாசி

அண்ணன் சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் எல்லாப் பாசியையும் சம்பின் இருட்டுக்குள் அனுப்பிவிடும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பவளத் தொட்டிக்கு நிகரான அழகு பாசித்தோட்டத்துக்கும் உண்டு. என் மூன்றடித் தொட்டியில் நான்கு ஆண்டுகளாகச் சிவப்புப் பாசிகளையே முன்னிறுத்தி வளர்க்கிறேன். கிராசிலேரியா, ஹாலிமீனியா, சிவப்புத் திராட்சைக் கொத்துபோல் இருக்கும் பாட்ரியோகிளாடியா ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் பற்றிக்கொண்டு மெதுவாக வளர்பவை. காலெர்ப்பாவைப் போலக் கொடிவிட்டு ஓடுபவை அல்ல. இவற்றில் கிராசிலேரியாவின் ஓர் இனத்தை ராமநாதபுரக் கரையில் கஞ்சிப்பாசி என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதே அது எவ்வளவு காலமாக நம் மக்களின் கையில் புழங்கும் பொருள் என்பது புரியும்.

ஹாலிமீடாவையும் கருதிப் பாருங்கள். காசுகளைக் கோத்த மாலைபோல் இருக்கும். உடலில் சுண்ணாம்பு சேர்வதால் பெரும்பாலான மீன்கள் அதைக் கடிப்பதில்லை. ஆனால் கால்சியமும் காரத்தன்மையும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நைட்ரேட்டைக் குறைப்பதற்காக அதை வாங்குபவர் ஏமாற்றமடைவார். அழகுக்காக வாங்குபவர் மகிழ்வார்.

தேர்வு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது மீனின் வாயை. உங்கள் கோரல் பியூட்டி நாள் முழுவதும் கல்லைக் கொத்தும் இனம். ஹாலிமீனியாவின் மெல்லிய தகடுகளை அது விட்டுவைக்காது. கிளவுனும் குரோமிஸும் பாசியைத் திரும்பியும் பார்க்கமாட்டா.

பெரம்பூர் வேதியியல்

இந்த இழையில் இதுவரை எடையைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். வீட்டில் 300 லிட்டர் தொட்டி வைத்திருக்கிறேன். பாசி நைட்ரேட்டை உறிஞ்சுகிறது என்ற ஒரு வரியிலேயே நம்மில் பலரும் நின்றுவிடுகிறோம்; எவ்வளவு பாசி, எவ்வளவு நைட்ரேட்டை என்று கேட்டால்தான் நம் தொட்டியில் நடப்பது புரியும்.

ராயபுரம் நண்பரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 250 லிட்டரில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்றால் மொத்தம் 10 கிராம் நைட்ரேட். நைட்ரேட்டின் எடையில் நைட்ரஜனின் பங்கு 62-இல் 14 என்பதால், அதில் இருப்பது ஏறக்குறைய 2.26 கிராம் நைட்ரஜன். உலர்ந்த பாசியின் எடையில் நைட்ரஜன் 3 விழுக்காடு என்று கொண்டால், அந்த 2.26 கிராமைத் தன்னுள் அடக்கச் சுமார் 75 கிராம் உலர்ந்த பாசி தேவை. ஈரப்பாசியில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். எனவே 750 கிராம், அதாவது முக்கால் கிலோ ஈரப்பாசியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தால்தான் இன்று இருக்கும் 40 தீரும்.

அத்துடன் முடிவதில்லை. நாளொன்றுக்கு 2 கிராம் உலர்தீனி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 45 விழுக்காடு புரதம், புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன், ஆக 0.144 கிராம். அதில் கால் பங்கை மீன் தன் உடலில் சேர்த்துக்கொண்டது போக மீதி முழுவதும் நைட்ரேட்டாக மாறினால், நாள்தோறும் லிட்டருக்கு ஏறத்தாழ 1.9 மில்லிகிராம் ஏறும். பாசி ஒன்றை மட்டும் நம்பி இதை ஈடுகட்ட வேண்டுமானால் வாரத்துக்குக் கால் கிலோ ஈரப்பாசியை அகற்ற வேண்டும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும், நீர் மாற்றுவதும், கற்களின் உட்புறத்தில் ஆக்சிஜன் எட்டாத இடங்களில் வாழும் பாக்டீரியாக்களும் ஒரு பங்கைச் சுமப்பதால் நடைமுறையில் அவ்வளவு தேவைப்படாது. ஆனால் கையளவுப் பாசியை ஓராண்டாக அப்படியே வைத்துக்கொண்டு, நீர் சுத்தமாகவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

இன்னொன்று. உங்கள் இரும்புத் துகள் குழாயைக் கழற்றிவிடுங்கள். கடற்பாசிகளின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் சராசரியாக 550:30:1 என்ற விகிதத்தில் இருப்பதாக 1983-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இதை எடைக்கு மாற்றினால், ஒரு மில்லிகிராம் பாஸ்பேட்டுக்கு ஏறக்குறைய 20 மில்லிகிராம் நைட்ரேட் என்ற அளவில் பாசி இரண்டையும் சேர்த்து எடுக்கிறது. உங்கள் நீரில் இருக்கும் 0.3 பாஸ்பேட், 6 நைட்ரேட்டை எடுப்பதற்குள் தீர்ந்துவிடும். பிறகு 34 நைட்ரேட் கண்முன்னே இருந்தும் பாசி பட்டினி கிடக்கும். நீங்களோ அந்தப் பாஸ்பேட்டையும் துகள்களைக் கொண்டு பறித்துக்கொண்டிருக்கிறீர்கள். நைட்ரேட் இறங்கும்வரை பாஸ்பேட்டைப் பாசிக்கே விட்டுக்கொடுங்கள்.

ராயபுரம் அலைவாய்

மிக்க நன்றி, அம்மா. இந்தக் கணக்கை இதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை. துகள் குழாயை இன்று மாலையே நிறுத்திவிட்டேன். சம்பில் 40 லிட்டர் அளவுள்ள நடு அறையைச் சீட்டோவுக்கு ஒதுக்குகிறேன். இரண்டு ஐயங்கள் உள்ளன. கற்களில் மிச்சமிருக்கும் காலெர்ப்பாவை எப்படி முழுமையாக எடுப்பது? தொட்டியிலேயே பாசியைத் தின்னும் மீன் ஒன்றை விட்டால் வேலை எளிதாகுமா? பவுடர் ப்ளூ டேங் என்ற மீனை வாங்கும்படி இருவர் என்னிடம் சொன்னார்கள்.

கொளத்தூர் வண்ணமீன்

முதலில் பிடுங்குவதைப் பற்றி. கத்தரியைத் தொடாதீர்கள். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து காலெர்ப்பாவின் சாறு ஒழுகும். துண்டான ஒவ்வொரு நறுக்கும் தனிக்கொடியாக முளைக்கும். கல்லை வெளியே எடுக்க முடிந்தால், கடல்நீர் நிரப்பிய வாளியில் வைத்து, ஓடுதண்டின் ஒரு முனையைப் பிடித்து, பூக்காரர் சரத்தைப் பிரிப்பதுபோல மெல்ல உரித்துக்கொண்டே வாருங்கள். கல்லின் துளைகளில் நுழைந்திருக்கும் வேரிழைகளைச் சாமணத்தால் எடுங்கள். எடுக்க முடியாத கற்களுக்குத் தொட்டிக்குள்ளேயே இதைச் செய்யும்போது, சிறுதுண்டுகள் மிதந்து போகாதபடி சைபன் குழாயின் வாயைக் கைக்குப் பக்கத்திலேயே பிடித்திருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டாம். வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். சாற்றின் மஞ்சள் நிறத்தையும் அதிலுள்ள கசப்புப் பொருளையும் பிடிக்க, அந்த வாரங்களில் வடிகட்டியில் போடும் கரியை, அதாவது கார்பனைப் புதிதாக மாற்றிக்கொண்டே இருங்கள். முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் ஆறு மாதம்வரை அங்கொரு தளிரும் இங்கொரு தளிரும் வரும். வந்த அன்றே கிள்ளிவிட வேண்டும்.

டேங் மீனைப் பொறுத்தவரை, உங்களிடம் அதை விற்க விரும்புபவர் ஒருவேளை என் தொழிலைச் செய்பவராகவே இருக்கலாம். ஆனாலும் சொல்கிறேன், நான்கடித் தொட்டியில் பவுடர் ப்ளூ வேண்டாம். நாள் முழுவதும் நீந்தித் திரியும் மீன் அது. ஆறடிக்குக் குறைந்த தொட்டியில் அதற்கு நெருக்கடி. நெருக்கடியில் இருக்கும் பவுடர் ப்ளூவுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வருவதை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன். பாசி தின்பதற்கென்றே ஒரு மீன் வேண்டுமானால் ஃபாக்ஸ்ஃபேஸ் பொருத்தமானது, நான்கடியில் தாக்குப்பிடிக்கும். காசிமேட்டு ஏலத்தில் நாம் பார்க்கும் ஓரா மீனின் உறவு அது. ஓராவின் முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்பது மீனவர்களுக்குத் தெரியும். இதற்கும் முதுகில் அதே நச்சு முட்கள் உண்டு. தொட்டிக்குள் கைவிடும்போது அது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

பெரம்பூர் வேதியியல்

அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். மீன் தின்ற பாசி கண்ணிலிருந்து மறைகிறதே தவிர, தொட்டியை விட்டுப் போவதில்லை. அதன் நைட்ரஜனில் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாக அன்றே நீருக்குத் திரும்புகிறது. படரும் பாசியை அடக்கி வைக்க மீன் உதவும். நைட்ரேட்டைக் குறைக்க உதவாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான், பாசி தின்னும் மீனை வாங்கிய வீடுகளில் மறுமாதம் மயிர்ப்பாசி முளைக்கிறது. அறுவடை செய்த கிராசிலேரியாவை மீனுக்கே தீனியாகப் போடுவது மிக நல்ல வழக்கம். ஆனால் அந்த எடையை வெளியேற்றிய கணக்கில் எழுதக்கூடாது.

எண்ணூர்க் கழிமுகம்

எண்ணூரில் பிறந்து வளர்ந்தவன் நான். பாசியை எங்கிருந்து எடுப்பது, எங்கே கொட்டுவது என்ற இரண்டையும் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம்வரை கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கற்களிலும் தூண்டில் வளைவுகளிலும் பச்சைப்பாசி தழைத்திருப்பதைப் பார்த்து, இதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கற்களில் விறைப்பான தூரிகைபோல் நிற்பதும் கீட்டோமார்ஃபாவின் ஓர் இனமே. ஆனால் அது அலையடித்துக்கொண்டே இருக்கும் கல்லைப் பற்றி வாழப் பழகியது. நம் சம்பின் மெல்லிய ஓட்டத்தில் சில வாரங்களில் நலிந்துவிடும். நாம் வாங்கும் சீட்டோ, தேங்கிய உப்பங்கழிகளில் பற்றுக்கோடின்றி மிதக்கப் பழகிய வேறோர் இனம். இதற்கு மேலாக, நம் கரையின் நீர் எப்படிப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. 2023 டிசம்பரில் புயல் மழைக்குப் பின் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது எங்கள் வலைகளும் படகுகளும் கறுத்துப்போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். துறைமுகத்தின் உள்ளே டீசல் மினுங்கும் நீரில் வளர்ந்த பாசியை மீன்தொட்டிக்குள் கொண்டுவருவது மீன்களுக்குச் செய்யும் தீங்கு. வடகிழக்குப் பருவமழையில் நம் கரைநீரின் உப்பளவும் வெகுவாக இறங்கிவிடுகிறது. அப்போது கேனில் கடல்நீர் பிடித்து வருபவர்கள் அதை அளந்து பார்க்காமல் ஊற்றக்கூடாது.

பாசியோடு கல்லையும் சேர்த்து எடுத்துவரலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த கல் என்று யாராவது காட்டினால் அதைத் தொடாமல் திரும்பிவிடுங்கள்.

கொட்டுவதைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன். பிடுங்கிய காலெர்ப்பாவைக் கழிவறையிலோ மழைநீர்க் கால்வாயிலோ போடாதீர்கள். வடசென்னையின் கால்வாய்கள் எல்லாம் முடிவில் கடலில்தான் சேருகின்றன. 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்கு அருகே ஒரு சதுர மீட்டர் அளவில் தென்பட்ட காலெர்ப்பா டாக்சிஃபோலியா, பின்னர் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரப்பில் படர்ந்தது. 2000-இல் அதே பாசி கலிஃபோர்னியாவின் ஒரு கழிமுகத்தில் முளைத்தபோது, பல லட்சம் டாலர் செலவிட்டு, முற்றிலும் ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆகிவிட்டது. அங்கே காலெர்ப்பாவின் ஒன்பது இனங்களை விற்பதும் வைத்திருப்பதும் 2001-இலேயே தடைசெய்யப்பட்டன. நம் நாட்டிலும் பாடம் இருக்கிறது: மண்டபம் பகுதியில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற அயல்பாசி, குருசடைத் தீவின் பவளங்கள்மீது ஏறிப் படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நம் தொட்டிக் காலெர்ப்பா எந்த நாட்டிலிருந்து வந்தது என்று நம்மில் யாருக்கும் தெரியாது. மொட்டைமாடியில் தாளில் பரப்பி, சருகாகக் காய்ந்த பிறகு குப்பையில் சேருங்கள். எங்கள் கழிமுகம் தாங்கும் சுமை இப்போதே போதும்.

வண்ணாரப்பேட்டை செம்பாசி

எண்ணூர் அண்ணன் எழுதியதைப் படித்தபின், மாடியில் காயவைக்கும் வழக்கத்தை நானும் தொடங்கிவிட்டேன். காய்ந்த பாசியை நல்ல நீரில் நன்றாக அலசி உப்பைப் போக்கிவிட்டால் பூச்செடித் தொட்டிக்கு உரமாகவும் போடலாம். என் செம்பருத்திக்கு அதைத்தான் போடுகிறேன்.

திருவொற்றியூர் புதியவர்

வணக்கம். இந்த இழையை ஒரே மூச்சில் படித்தேன். என் தொட்டியில் கற்களின் இடுக்கில் பச்சைக் கோலிக்குண்டு போன்ற குமிழிகள் வருகின்றன; வேறோரிடத்தில் பறவையின் சிறு இறகுபோல் கரும்பச்சைக் கொத்து ஒன்று நிற்கிறது. எங்கள் தெருவுக்கு வருவது காட்டுப்பள்ளியின் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் நீர் என்பதால், அது ஏற்கெனவே ஆர்.ஓ. செய்த நீர்தானே என்று அப்படியே உப்புக் கலக்கப் பயன்படுத்துகிறேன். இதில் தவறு ஏதும் இருக்கிறதா?

கொளத்தூர் வண்ணமீன்

இருக்கிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறனோடு கட்டப்பட்ட அந்த ஆலை 2010-இல் வடசென்னைக்கு நீர் கொடுக்கத் தொடங்கியது என்பது சரி. ஆனால் வழியில் வேறு நீரோடு கலப்பதும், குளோரின் சேர்ப்பதும், உங்கள் வீட்டுக் கீழ்த்தொட்டியில் லாரி நீர் சேர்வதும் உண்டு. நீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கிக் குழாய் நீரில் முக்கிப் பாருங்கள். எண் பூஜ்யத்தை ஒட்டி இருந்தாலொழிய, வீட்டு ஆர்.ஓ.வும் அதன்பின் மிச்ச உப்புகளையும் பிடிக்கும் டி.ஐ. பிசினும் இல்லாமல் உப்புக் கலக்காதீர்கள்.

குமிழி போன்றது வலோனியா. ஒவ்வொரு குமிழியும் ஓர் உயிரணு; நீருக்குள் உடைத்தால் உள்ளிருந்து பல குமிழிகளுக்கான வித்துக்கள் சிதறும். கல்லை வெளியே எடுத்து, அடியோடு நெம்பி எடுங்கள். எமரால்டு நண்டு இதைத் தின்னும் என்பது பல தொட்டிகளில் உண்மை. பசித்தால் வேறு எதையும் தின்னும் என்பதும் உண்மை. இறகு போன்றது பிரையாப்சிஸ். அதைப் பிடுங்கிப் பிடுங்கி நான் ஓய்ந்திருக்கிறேன். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம் அளவில் கரைத்து, இரண்டு வாரம் ஸ்கிம்மரையும் கார்பனையும் நிறுத்திவைப்பதே எனக்குப் பலன் தந்த வழி. நீங்கள் விரும்பி வளர்க்கும் பச்சைப்பாசிக்கும் அது பகையாகலாம் என்பதால், அவற்றை முன்கூட்டியே வேறு வாளிக்கு மாற்றிவிடுங்கள்.

ராயபுரம் அலைவாய் (பத்து வாரங்களுக்குப் பின்)

அனைவருக்கும் மீண்டும் வணக்கம். கேட்டுவிட்டு மறைந்துபோனவனாக இருக்கக்கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

சம்பின் நடு அறையில் 150 கிராம் சீட்டோவுடன் தொடங்கினேன். ரிச்சி தெருவில் வாங்கிய 50 வாட் வெள்ளை எல்.இ.டி. விளக்கு, 6500 கெல்வின், அறைக்கு மேலே ஓரடி உயரத்தில் தொங்குகிறது. உப்புத் தெறிப்பதால், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாகவே மின்சாரம் கொடுத்திருக்கிறேன். தொட்டி விளக்கு அணையும் இரவு 9 மணிக்குச் சம்பு விளக்கு எரியத் தொடங்கி, மறுநாள் காலை 11 மணிவரை எரிகிறது. இதனால் இரவில் பி.எச். இறங்குவது குறைந்துவிட்டது: முன்பு விடியலில் 7.8 இருந்தது, இப்போது 8.0-க்குக் கீழே போவதில்லை. பாசி ஒரே பக்கமாக வெளிச்சம் வாங்கி அடிப்பகுதி அழுகாமல் இருக்க, சிறிய பம்பு ஒன்று அதை மெல்ல உருட்டிக்கொண்டே இருக்கிறது.

முதல் மூன்று வாரங்களில் வளர்ச்சியே தெரியவில்லை. கைவிட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். நான்காம் வாரத்தில் நிறம் அடர்ந்து, நூல்கள் தடித்து, அறையை நிரப்பத் தொடங்கின. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்றில் ஒரு பங்கை அள்ளி, சமையலறை வடிகட்டியில் ஐந்து நிமிடம் நீர் சொட்டவிட்டு எடை பார்க்கிறேன். தொடக்கத்தில் 60, 90 கிராம் என்று வந்தது. இப்போது வாரந்தோறும் அதைவிடப் பல மடங்கு வருகிறது. இதுவரை வெளியேற்றியது மொத்தம் 1,650 கிராம். இதற்கிடையே ஐந்து முறை கால் பங்கு நீரை மாற்றினேன். நைட்ரேட் 40-லிருந்து 12-க்கும், பாஸ்பேட் 0.3-லிருந்து 0.06-க்கும் இறங்கியுள்ளன.

காலெர்ப்பா இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. பின்புறக் கல்லொன்றின் அடியில் மாதம் இரண்டு தளிர்களாவது எட்டிப்பார்க்கின்றன; கிள்ளிவிடுகிறேன். ஃபாக்ஸ்ஃபேஸ் வாங்கவில்லை. தொட்டியில் இப்போது பாசி குறைவு என்பதால், அதற்குத் தினமும் நோரி என்ற உலர்ந்த கடற்பாசித் தாளைக் கட்டித் தொங்கவிட வேண்டியிருக்கும். அது புதிய நைட்ரஜனை உள்ளே கொண்டுவருவதாகவே முடியும். முன்வரிசையில் ஒரு கிராசிலேரியாக் கொத்தை மட்டும் வைத்திருக்கிறேன். வண்ணாரப்பேட்டைச் சகோதரி சொன்னதுபோல் கோரல் பியூட்டி அதைக் கொத்திப் பார்த்தது. தடித்த கிளைகள் என்பதால் இரண்டு நாளில் விட்டுவிட்டது.

பெரம்பூர் வேதியியல்

உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். 1,650 கிராம் ஈரப்பாசியில் ஏறத்தாழ 5 கிராம் நைட்ரஜன், அதாவது உங்கள் நீரளவுக்கு லிட்டருக்கு 88 மில்லிகிராம் நைட்ரேட் வெளியேறியிருக்கிறது. இந்தப் பத்து வாரங்களில் தீனி மூலம் உள்ளே வந்தது 130-ஐ ஒட்டி இருக்கும். நீரில் குறைந்திருப்பது 28. ஆகவே மிச்சத்தை நீர் மாற்றமும் ஸ்கிம்மரும் கற்களும் சுமந்திருக்கின்றன. இனி ஒரு கவனம் தேவை: பாஸ்பேட் 0.03-க்குக் கீழே இறங்கி, பாசி வெளுக்கத் தொடங்கினால், விளக்கு நேரத்தை 14 மணியிலிருந்து 10 மணியாகக் குறையுங்கள். அறுவடையையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக்குங்கள். பட்டினியில் சிதையும் சீட்டோ, எடுத்ததை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும்.

திருவொற்றியூர் புதியவர்

ராயபுரம் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை அறுவடையில் கொஞ்சம் எனக்குக் கிடைக்குமா? டி.டி.எஸ். மீட்டர் வாங்கிவிட்டேன், குழாய் நீரில் 310 காட்டியது. ஆர்.ஓ.வும் மாட்டியாகிவிட்டது.

கொளத்தூர் வண்ணமீன்

கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை. மீன் இருக்கும் அமைப்பிலிருந்து எடுத்த பாசியில், வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் ஒட்டுண்ணியின் கூடுகள் ஒட்டியிருக்கக்கூடும், கண்ணுக்குத் தெரியாது. மீன் கிடைக்காமல் அந்த ஒட்டுண்ணி மடியும்படி, மீனில்லாத தனி வாளியில், விளக்கும் சிறு பம்பும் வைத்து, 76 நாள் வளர்த்தபின் தொட்டிக்கு மாற்றுவதே நாங்கள் கடைப்பிடிக்கும் முறை. அந்த வாளிக்கு வாரம் ஒருமுறை சிட்டிகைத் தீனி போட்டால் பாசி வாடாது.

ராயபுரம் அலைவாய்

அப்படியே செய்யலாம், தம்பி. 100 கிராம் எடுத்துவைக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் வாருங்கள். மூடியுள்ள வாளியில், 1.025 அடர்த்தியில் கலந்த உப்புநீர் இரண்டு லிட்டர் கொண்டுவாருங்கள். தொட்டி நீரை நான் உடன் தரமாட்டேன். கொடுப்பதற்கு முன் காலெர்ப்பாத் துண்டு ஏதும் சிக்கியிருக்கிறதா என்று வெள்ளைத் தட்டில் பிரித்துப் பார்த்துவிடுவோம்.